மேடையில் வாசிப்பவர்களுக்கு இயர்பிளக்: கேள்வியும் பதிலும்

மெல்லிசைக் குழுவில் பதினெட்டு வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறேன். என் இடது காதில் ஒரு மெல்லிய விசில் இருக்கிறது. பகலில் தெரியாது. இரவில் கரண்ட் போய் மின்விசிறி நின்றதும், பக்கத்து அறையில் யாரோ டிவியை அணைக்காமல் விட்டது போலக் கேட்கும். அது வந்த பிறகுதான் காதை அடைக்கும் இயர்பிளக் பற்றித் தேடிப் படித்தேன், கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியோலஜிஸ்டிடம் போய் நின்றேன், நாலைந்து வகைகளை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். தவில்காரர்கள், பறைக் குழுத் தம்பிகள், கீபோர்டு வாசிப்பவர்கள், சவுண்ட் சர்வீஸ் ஆட்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் மருத்துவன் இல்லை. காதில் வலி, சீழ், திடீர்க் கேளாமை என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம், டாக்டரிடம் போய்விடுங்கள்.

எங்கள் தாத்தா எழுபது வயது வரை தவில் வாசித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே?

வீட்டில் டிவியை எவ்வளவு சத்தத்தில் வைத்துப் பார்த்தார் என்று பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். மேளக்காரர் வீடுகளில் "அவருக்குக் கொஞ்சம் காது மந்தம்" என்பதை யாரும் நோய்க்கணக்கில் சேர்ப்பதில்லை. வயதுக்கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இன்னொன்று, தாத்தா வாசித்தது தேரோடும் வீதியில், திறந்த வெளியில். சத்தம் போய்க்கொண்டே இருக்கும். இன்று வாசிப்பது டைல்ஸ் தரையும் கண்ணாடிச் சுவரும் உள்ள கல்யாண மண்டபத்தில். போட்ட அடி சுவரில் பட்டுத் திரும்பி வரும். அதுவும் போதாதென்று நாதசுவரத்துக்கும் தவிலுக்கும் மைக் வைத்து, ஸ்பீக்கர் பாக்ஸை மேடையின் ஓரத்திலேயே நிறுத்துகிறார்கள். கெட்டிமேளம் வாசிக்கும்போது தவில்காரர் காதில் விழுவது அவருடைய தவில் மட்டும் இல்லை. பக்கத்துத் தவில், நாதசுவரம், பாக்ஸ் எல்லாம் சேர்ந்துதான்.

எவ்வளவு சத்தம் ஆபத்து?

சத்தத்தையும் நேரத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு இது: சத்தத்தின் அளவு 85 டெசிபெல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை. அதற்கு மேல் 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 94 என்றால் 1 மணி, 100 என்றால் வெறும் 15 நிமிடம். 3 டெசிபெல் என்பது காதுக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியாது, ஆனால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும். காது உணராத அந்த இரட்டிப்புதான் நம்மை ஏமாற்றுகிறது.

உங்கள் மேடையில் எவ்வளவு என்று தெரிய வேண்டுமா? ஐபோனில் நியோஷ் நிறுவனத்தின் சவுண்ட் லெவல் மீட்டர் செயலி இலவசம். ஆண்ட்ராய்டு செயலிகள் போனுக்குப் போன் மாறுபடும், தோராயத்துக்கு வைத்துக்கொள்ளலாம். செயலியே இல்லாமலும் தெரிந்துகொள்ள வழி உண்டு. ஒரு கை நீளத்தில் நிற்பவரிடம் கத்தினால்தான் கேட்கிறது என்றால், காதுக்குக் காப்பு தேவைப்படும் இடம் அது. கச்சேரி முடிந்து வேனில் ஏறும்போது காதில் பஞ்சு அடைத்தது போல இருந்தாலோ, 'ங்ங்' என்று இரைந்தாலோ, அன்றைக்கு வரம்பு தாண்டிவிட்டது. மறுநாள் சரியாகிவிடும்தான். ஒவ்வொரு தடவையும் முழுக்கச் சரியாகிறதா என்பதுதான் கேள்வி. உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கும். மனிதருக்கு அவை செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

பஞ்சு வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது. பஞ்சு காற்றை விடும், காற்று போகும் வழியில் சத்தமும் போகும். டிஷ்யூ பேப்பரும் அதே கதைதான். காப்பு இருக்கிறது என்ற தைரியத்தில் பாக்ஸ் பக்கத்திலேயே நிற்பீர்கள், அதனால் கெடுதல்தான் கூடும்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஃபோம் பிளக்?

நல்ல பொருள். விலையும் இரண்டு மூன்று டீ காசுதான். தொழிற்சாலைக்கும், தூங்குவதற்கும், அதிர்வேட்டு போடும் இடத்துக்கும் அதை விடச் சிறந்தது கிடையாது. ஆனால் வாசிப்பவருக்கு அதில் ஒரு சிக்கல்: சத்தத்தைச் சமமாகக் குறைக்காது. கீழ் ஒலிகளை விட மேல் ஒலிகளை அதிகமாகத் தின்றுவிடும். தவிலின் தொப்பி என்னும் கனத்த முகம் கேட்கும், வலந்தலை என்னும் மறுமுகத்தின் நறுக்குக் கேட்காது. ஜால்ரா காணாமல் போகும். பாடகர் என்ன சொல்லைப் பாடுகிறார் என்று புரியாது, 'ஊ ஊ' என்றுதான் இருக்கும். அப்புறம் என்ன ஆகும்? இரண்டாவது பாட்டில் ஒரு காதிலிருந்து எடுப்பீர்கள், மூன்றாவது பாட்டில் இரண்டும் சட்டைப் பையில்.

போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பத்துப் பேரில் எட்டுப் பேர் தப்பாகப் போடுவதைத்தான் பார்த்திருக்கிறேன். கையைக் கழுவிவிட்டு, ஃபோமை விரல்களுக்கு நடுவே மடிப்பு விழாமல் மெல்லிய குச்சி போல உருட்டுங்கள். எதிர்க்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள், துவாரம் நேராகும். உள்ளே விட்டு, விரலால் அழுத்தியபடி 30 வரை எண்ணுங்கள். சரியாகப் போயிருந்தால் கண்ணாடியில் பார்க்கும்போது பிளக் வெளியே துருத்தாது. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது கம்மல் மாதிரி, அழகுக்கு மட்டும்தான்.

இசைக்கலைஞர்களுக்கான பிளக் என்று தனியாக விற்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

நம் காதுத் துவாரம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். புல்லாங்குழலுக்கு ஒரு சுருதி இருப்பது போல அதற்கும் ஒன்று உண்டு. ஏறக்குறைய 2,700 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 2,700 அதிர்வு, பக்கத்து ஒலிகளை அது தானாகவே தூக்கிக் கொடுக்கிறது. ஃபோமை வைத்து அடைத்ததும் அந்தக் குழாய் இல்லாமல் போகிறது. ஃபோம் மேல் ஒலிகளைத் தின்பது ஒரு நஷ்டம், இயற்கையாகக் கிடைத்த தூக்கலும் போனது இரண்டாவது நஷ்டம்.

அமெரிக்காவின் எடிமோட்டிக் ரிசர்ச் நிறுவனம் 1988-இல் கொண்டுவந்த இ.ஆர்.-15 என்ற பிளக்கில், ஒரு சிறிய சவ்வும் காற்றறையும் சேர்ந்து, போன அந்தத் தூக்கலைத் திருப்பிக் கொடுக்கும்படி செய்திருந்தார்கள். அதனால் கீழிருந்து மேல் வரை எல்லா ஒலியும் ஏறக்குறைய ஒரே அளவில், 15 டெசிபெல், குறைந்தது. ஆம்ப்ளிஃபயரில் வால்யூம் குமிழைத் திருப்பியது போல. இன்று ஆல்பைன், லூப் என்று பல பெயர்களில் வருபவையும் இதே எண்ணத்தை எளிய முறையில் செய்கின்றன: சிலிக்கான் உடல், நடுவில் ஒலியை அளவாக விடும் சிறு வடிகட்டி. எல்லாமே இ.ஆர்.-15 அளவுக்குச் சமமாகக் குறைப்பதில்லை. பெட்டியின் பின்னால் ஒவ்வொரு ஹெர்ட்ஸுக்கும் எவ்வளவு குறைகிறது என்ற அட்டவணை இருக்கும். 250-க்கும் 4,000-க்கும் எதிரே உள்ள எண்கள் நெருக்கமாக இருந்தால் நல்லது. ஒன்று 15, மற்றது 35 என்றால் அது ஃபோமின் தம்பி.

எத்தனை டெசிபெல் வாங்குவது? அதிகம் என்றால் அதிகப் பாதுகாப்புதானே?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். நான்கு மணி நேரக் கச்சேரி, மேடையில் 100 டெசிபெல் என்று வையுங்கள். 30 டெசிபெல் குறைக்கும் பிளக்கை வாங்கி, எதுவும் கேட்கவில்லை என்று பாதி நேரம் கழற்றி வைத்தால், கழற்றிய இரண்டு மணி நேரமும் முழு 100 காதில் விழுகிறது. மொத்தத்தில் உங்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு வெறும் 3 டெசிபெல். பக்கத்தில் இருப்பவர் 15 டெசிபெல் பிளக்கைப் போட்டுக் கழற்றாமல் வாசித்தால் அவர் காதில் விழுவது 85. நான்கு மணி நேரத்துக்கு அது வரம்புக்கு உள்ளேதான். அதே 15 பிளக்கை ஒரு மணி நேரம் மட்டும் கழற்றினால்கூடப் பாதுகாப்பு 6-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். ஆகவே கடைசிப் பாட்டு வரை எது காதில் இருக்கும் என்று பார்த்து வாங்குங்கள். பெட்டியில் உள்ள பெரிய எண் அதற்கு அப்புறம்தான்.

அதிகமாக அடைத்தால் இன்னொரு தொல்லை, நான் பட்டது. அடி கேட்காததால் இன்னும் ஓங்கி அடிப்போம். ஆரம்பத்தில் ஃபோம் போட்டு வாசித்த ஒரு மாதத்தில் எனக்கு மணிக்கட்டு வலி வந்தது, இரண்டு ஸ்டிக்கும் உடைந்தது.

பெட்டியில் உள்ள எண்களைப் பற்றி: என்.ஆர்.ஆர். என்பது அமெரிக்க முறை, எஸ்.என்.ஆர். என்பது ஐரோப்பிய முறை. ஒரே பிளக்குக்கு இரண்டும் வேறு வேறாக இருக்கும், எஸ்.என்.ஆர். பொதுவாகக் கொஞ்சம் கூடுதல். ஒன்றின் என்.ஆர்.ஆரையும் மற்றொன்றின் எஸ்.என்.ஆரையும் ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். அந்த எண்கள் ஆய்வுக்கூடத்தில் ஒழுங்காகப் போட்டு அளந்தவை. ஃபோமில் 29 என்று போட்டிருந்தால் நடைமுறையில் அதிலிருந்து 7-ஐக் கழித்துப் பாதியாக்கு என்பது அமெரிக்கத் தொழிற்சாலைகளின் பழைய வழக்கம், அப்படிப் பார்த்தால் 11.

நான் வாசிக்கும் வாத்தியத்துக்கு எது?

தவில்: வலந்தலையில் விரல்கூடு போட்டு அடிக்கும் அடி ஒவ்வொன்றும் சுருக்கென்று ஏறும் ஒலி. இப்படித் திடீரென வரும் அடிக்குக் காதின் இயற்கையான தற்காப்புத் தசை சுருங்குவதற்குள் அடி உள்ளே போய்விடும். 15-இல் ஆரம்பியுங்கள். மைக்கும் மண்டபமும் சேர்ந்தால் 20, 25 வரை போகலாம். வடிகட்டி மாற்றக்கூடிய வகை தவில்காரருக்கு ஏற்றது: முகூர்த்தத்துக்கு ஒன்று, கோயிலில் நிதானமாக ராகம் போகும்போது லேசான ஒன்று.

பறை, உறுமி, பம்பை: பறை இடது தோளில் தொங்குவதால் சிம்புக்குச்சி என்ற மெல்லிய குச்சியின் வெட்டு இடது காதுக்குத்தான் கிட்டே. இருந்தாலும் இரண்டு காதுக்கும் போடுங்கள். வட்டமாக நின்று அடிக்கும்போது எதிரில் இருப்பவரின் பறை முகம் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. ஆடிக்கொண்டே அடிப்பவர்களுக்கு வியர்வையில் பிளக் வழுக்கும், கயிறு கோத்த வகை வாங்குவது நல்லது. செண்டைக்கும் இதெல்லாம் பொருந்தும்.

டிரம்ஸ்: 20 முதல் 25. ஸ்நேரும் ஹை-ஹாட்டும் இடது பக்கம், அதனால்தான் என் விசிலும் இடது பக்கம்.

கீபோர்டு, கிட்டார்: 15. உங்களுக்கு ஆபத்து உங்கள் வாத்தியத்தால் இல்லை, பின்னால் உட்கார்ந்திருக்கும் என்னால்தான்.

வயலின்: மேற்கத்திய முறையில் தாடைக்கு அடியில் வைத்து வாசிப்பவருக்கு இடது காது வயலினின் மேலேயே இருக்கிறது, 9 அல்லது 15 தேவைப்படும். கர்நாடக முறையில் கீழே உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி, அடிப்பகுதியை மார்பில் சாய்த்து வாசிக்கும்போது காது விலகியே இருக்கிறது. நம் பெரியவர்கள் காதுக்காக அப்படிப் பிடிக்கவில்லை, ஆனாலும் லாபம்தான்.

நாதசுவரம் வாசிக்கிறேன். பிளக் போட்டால் தலைக்குள் யாரோ ஊதுவது போல இருக்கிறது.

பாடுபவர்களுக்கும் இதே தொல்லை. துவாரத்தை விரலால் அடைத்துக்கொண்டு 'உம்ம்' என்று முனகிப் பாருங்கள், கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருக்கும். தாடையும் எலும்பும் வழியாக வரும் அதிர்வு துவாரத்தில் மாட்டிக்கொண்டு வெளியேற வழியில்லாமல் முழங்குகிறது. ஊதுபவருக்கு உதட்டில் ஊதுமுனையான சீவாளி இருப்பதால் அதிர்வுக்குக் குறைவே இல்லை.

இதற்குத் தீர்வு, கேட்க விசித்திரமாக இருக்கும், பிளக்கை இன்னும் ஆழமாகப் போடுவது. துவாரத்தின் வெளிப்பகுதி குருத்தெலும்பு, உள்பகுதி கெட்டி எலும்பு. முழக்கம் பெரும்பாலும் வெளிப்பகுதியின் அதிர்விலிருந்து வருகிறது. பிளக் எலும்புப் பகுதி வரை போய் அடைத்தால் அது குறைந்துவிடும். இதைக் கடைப் பிளக்கில் நீங்களாக முயன்று குத்திக்கொள்ளாதீர்கள். காதுக்கு அச்செடுத்துச் செய்யும் பிளக்கில்தான் நிதானமாகச் செய்ய முடியும். அதுவரை 9 டெசிபெல் வடிகட்டி, அல்லது தவில் பக்கத்துக் காதுக்கு 15-உம் மற்றதுக்கு 9-உம்.

சுருதி தவறிவிடாதா?

முதல் வாரம் தவறுவது போலத் தோன்றும். மேடையில் முதல் முறையாகப் போட்டுப் பார்க்காதீர்கள். வீட்டுச் சாதகத்தில் பத்து நாள் போட்டுப் பழகுங்கள். எனக்கு ஒரு வாரத்துக்கு அப்புறம் பேஸ் கிட்டார் முன்பை விடத் தெளிவாகக் கேட்டது. அதிகச் சத்தத்தில் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டிருந்த ஒலிகள் குறைந்ததும் தனித்தனியாகப் பிரிந்தன.

ரெடிமேடா, அச்செடுத்துச் செய்வதா?

மாதம் ஒன்றிரண்டு நிகழ்ச்சி என்றால் ரெடிமேடு போதும். மூன்று வளையம் உள்ள சிலிக்கான் பிளக்குகள் இரண்டு அளவில் வருகின்றன, ஒரே ஆளுக்கு வலது காது பெரிது, இடது சிறிது என்பதும் உண்டு. சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்க, சத்தமான இடத்தில் இரண்டு உள்ளங்கையாலும் காதை இறுக மூடித் திறங்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தால் பிளக் அடைக்கவில்லை.

வாரம் மூன்று நாலு மேடை, அதுதான் சோறு போடுகிறது என்றால் அச்செடுத்துவிடுங்கள். ஆயிரக்கணக்கில் ஆகும், ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். ஆடியோலஜிஸ்ட் முதலில் காதுக்குள் குரும்பி இருக்கிறதா என்று பார்த்து, செவிப்பறைக்கு முன்னால் ஒரு சின்னப் பஞ்சுத் தடுப்பை வைத்து, சிலிக்கான் கலவையைச் செலுத்துவார். குளிர்ச்சியாக இருக்கும், ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும். ஊதுபவர்களும் பாடுபவர்களும் "வாயைத் திறந்து வைத்து அச்செடுங்கள்" என்று கட்டாயம் சொல்ல வேண்டும். வாய் திறக்கும்போது துவாரத்தின் வடிவம் மாறுகிறது. எனக்கு அச்செடுத்த இடத்தில் வாயை மூடச் சொல்லி எடுத்தார்கள். நான் வாசித்துக்கொண்டே கோரஸ் பாடுகிறவன். ஒவ்வொரு 'ஆ'வுக்கும் வலது பிளக் தளர்ந்து காற்று புகுந்தது, மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

அங்கேயே கேட்டல் பரிசோதனையும் செய்து தாளை வாங்கி வையுங்கள். சத்தத்தால் வரும் பாதிப்பு 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளமாகத்தான் முதலில் தெரியும், பேச்சு நன்றாகவே கேட்டுக்கொண்டிருக்கும். வருடம் ஒரு முறை எடுத்துப் பழையதோடு ஒப்பிட்டால் பள்ளம் ஆழமாகிறதா என்று தெரியும். அரசு மருத்துவக் கல்லூரிகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலும் இந்தப் பரிசோதனை உண்டு.

இன்-இயர் மானிட்டர் போடுகிறேன். அது போதுமா?

காதுக்குள் மாட்டும் அந்தச் சின்ன ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்து வைத்தால் போதும். வெளியே இருக்கும் ஒலியை அடைப்பதால் குறைந்த அளவிலேயே உங்களுக்கு எல்லாம் கேட்கும், அதுதான் அதன் பயனே. கூட்டத்தின் கைதட்டலைக் கேட்க ஒரு காதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொள்வார்கள் பாருங்கள், அது இரண்டு வகையிலும் கெடுதல். கழற்றிய காதில் மேடைச் சத்தம் முழுதாக விழுகிறது. மாட்டிய காதிலும் ஒற்றைக் காது போதவில்லை என்று வால்யூமைக் கூட்டுகிறோம்.

காதில் எதையோ வைத்துக்கொண்டு கோயில் மேடையில் உட்கார்ந்தால் பெரியவர்கள் கோபிப்பார்கள்.

கோபித்தார்கள். என் சித்தப்பா தவில் செட்டில் இருக்கிறார். "வித்துவான் காதை மூடிக்கிட்டு வாசிக்கிறாரா?" என்று ஒருவர் மேடைக்கே வந்து கேட்டார். தோல் நிறத்தில், வெளியே தெரியாத சின்ன வகையைச் சித்தப்பா இப்போது போடுகிறார். யாரும் கேட்பதில்லை. மறைக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து, ஆனால் மாலை நேரக் கச்சேரியில் கருத்துப் போர் நடத்த யாருக்கு நேரம்?

கேட்பவர்களிடம் ஒரு வழக்கைச் சொல்லலாம். லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில், வயலினை விடச் சற்றுப் பெரிய வயோலா வாசித்த கிறிஸ்டோபர் கோல்ட்ஷைடர், 2012-இல் வாக்னரின் இசைநாடக ஒத்திகையின்போது டிரம்பெட் வரிசைக்கு முன்னால் உட்காரவைக்கப்பட்டதால் காது கெட்டு, வாசிப்பையே விட நேர்ந்தது. 2018-இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உலகின் பெரிய அரங்குகளில் ஒன்றிலேயே நிலைமை அதுதான்.

குழந்தைகளுக்கு?

பிளக் வேண்டாம், சிறுவர் அளவில் வரும் காதுமூடி வாங்குங்கள். சாமி ஊர்வலத்தில் பாக்ஸ் வண்டிக்குப் பக்கத்தில் குழந்தையைத் தோளில் தூக்கி நிற்பவர்களைப் பார்த்தால் போய்ச் சொல்லிவிடுகிறேன். சிலர் முறைப்பார்கள்.

எப்படிச் சுத்தம் செய்வது?

சிலிக்கான் வகையை வடிகட்டியைக் கழற்றிவிட்டு லேசான சோப்பு நீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள். வடிகட்டியில் தண்ணீர் படக்கூடாது. ஃபோம் அழுக்கானாலோ, அழுத்தினால் திரும்ப எழும்பாவிட்டாலோ தூக்கிப் போடுங்கள். ஒருவர் பிளக்கை மற்றவர் போடாதீர்கள், தம்பியாக இருந்தாலும்.

ஏற்கெனவே காதில் இரைச்சல் இருக்கிறது. இனி போட்டு என்ன பயன்?

போனதைத் திருப்பித் தராது, இருப்பதைக் காக்கும். எனக்கு விசில் போகவில்லை, ஏழு வருடமாகக் கூடவும் இல்லை. ஆனால் வீட்டில், கடைவீதியில், பஸ்ஸில் எல்லாம் பிளக் போட்டுக்கொண்டு திரியாதீர்கள். அமைதி அதிகமாக ஆக இரைச்சல்தான் பெரிதாகத் தெரியும். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் அன்றே டாக்டரிடம் போங்கள். அதற்கான மருந்து சில நாட்களுக்குள் ஆரம்பித்தால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு, "குளிர்ச்சியாயிருக்கும், எண்ணெய் விடு" என்று வாரக்கணக்கில் இருக்கக்கூடாது.

பாக்ஸையே நகர்த்திவிட்டால்?

அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் குறையும், காசு செலவில்லை. வாசிப்பவருக்கே கேட்க வைக்கும் மானிட்டர் பாக்ஸை முழங்காலைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்கச் சாய்த்து வைத்தால் குறைந்த வால்யூமே போதும். டிரம்ஸை மேடையின் மூலையில் தள்ளாதீர்கள், இரண்டு சுவரும் சேர்ந்து ஒலியைத் திருப்பி அடிக்கும். சவுண்ட்காரரிடம் கச்சேரி தொடங்கும் முன்பே, டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லுங்கள். நடுவில் சொன்னால் கூட்டிவிடுவார்.

நாளைக்கே நிகழ்ச்சி. இப்போது என்ன செய்ய?

மெடிக்கல் ஷாப்பில் ஃபோம் வாங்கி, மேலே சொன்னபடி இன்று இரவு இரண்டு மூன்று முறை போட்டுப் பழகுங்கள். நாளைக்கு மேடையில் மேல் ஒலிகள் கேட்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் வடிகட்டி வகைக்கு ஆர்டர் போடலாம். அப்புறம் ஒன்று, வாங்கியதை இப்போதே ஸ்டிக் பையில், தவில் உறையில், எது உங்களோடு கட்டாயம் வருமோ அதில் போட்டுவிடுங்கள். நான் முதல் முறை வாங்கியது நாலு மாதம் வீட்டு பீரோவில் பத்திரமாக இருந்தது.